பட்டத்தின் பெயரைப் பார்த்துச் சேர்க்க வேண்டாம்

கேள்வி: மேடம், நான் உசிலம்பட்டி பக்கத்தில் ஒரு கிராமத்தில், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். கணவர் லோடு வேன் ஓட்டுகிறார். என் மகள் அரசுப் பள்ளியில் கணக்கு, உயிரியல் சேர்ந்த முதல் குரூப் படித்து, பிளஸ் டூவில் 600-க்கு 487 வாங்கியிருக்கிறாள். நீட் ஒருமுறை எழுதினாள், வரவில்லை. இன்னொரு வருஷம் வீட்டில் வைத்துப் படிக்க வைக்க எங்களுக்கு வசதியில்லை, அவளுக்கும் மனசில்லை. லீவு நாளில் என்னோடு வீடு வீடாக வந்து பார்த்ததிலிருந்து, “சுகாதாரத் துறையில்தான் வேலை பார்ப்பேன், ஆனால் ஊசி போடுகிற வேலை வேண்டாம், நிர்வாகமாக இருக்கட்டும்” என்கிறாள். மதுரையில் ஒரு கல்லூரியிலிருந்து ஆள் வீட்டுக்கே வந்தார். மருத்துவமனை நிர்வாகத்தில் மூன்று வருஷப் பட்டம், முடித்ததும் வேலை நிச்சயம் என்கிறார். இந்த வாரத்துக்குள் முன்பணம் கட்டச் சொல்கிறார். கட்டலாமா? வேறு என்ன படிக்க வைக்கலாம்?
– ஒரு தாய், உசிலம்பட்டி வட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த முன்பணத்தைக் கட்டாதீர்கள். “இந்த வாரம் விட்டால் இடம் போய்விடும்” என்பது கல்லூரியின் அவசரம். உங்கள் மகளுக்கு அப்படி ஓர் அவசரமும் இல்லை. நல்ல மதிப்பெண் இருக்கிறது, கணக்கும் உயிரியலும் கையில் இருக்கின்றன. இந்தத் துறையில் அந்த இரண்டும் சேர்ந்து இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்பதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

பிள்ளையின் ஆசையில் இரண்டு வேறு வேலைகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. அதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். ஏனென்றால் படிப்பும் வேறு, வேலை கிடைக்கும் வழியும் வேறு.

ஒரு தெருவில் ஒருவருக்கு டெங்கு என்று ஆய்வகத்திலிருந்து தகவல் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை அந்த ஒருவரைப் பார்க்கும். பொது சுகாதாரத் துறை அந்தத் தெருவைப் பார்க்கும். தண்ணீர் தினமும் வராததால் வீட்டுக்கு வீடு டிரம்மிலும் சிமெண்ட் தொட்டியிலும் பிடித்து வைத்திருப்பார்கள். ஏடிஸ் கொசு முட்டையிடுவது அந்த நல்ல தண்ணீரில்தான். பணியாளர்கள் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கி, தொட்டி, டிரம், பழைய டயர், பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு என்று புழு தேடுவார்கள். நூறு வீடு பார்த்ததில் எத்தனை வீட்டில் புழு இருந்தது என்பது வீட்டுக் குறியீடு. நூறு வீட்டுக்கு எத்தனை பாத்திரங்களில் புழு இருந்தது என்பது பிரெட்டோ குறியீடு. இந்த இரண்டு எண்ணையும் போன வாரத்தோடு ஒப்பிட்டுத்தான், எந்தத் தெருவுக்கு எத்தனை ஆள், எங்கே மருந்து, எங்கே புகை என்று முடிவு செய்கிறார்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குகிற நாளை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்ப் பந்தல்களில் குளோரின் சரியாக இருக்கிறதா, அன்னதானம் எங்கே சமைக்கிறார்கள், தற்காலிகக் கழிப்பறை எத்தனை வேண்டும், அவ்வளவு கூட்டத்துக்கு நடுவே ஆம்புலன்ஸ் எந்த வழியாக வெளியே வரும் என்று முன்கூட்டியே உட்கார்ந்து திட்டம் போடுவதும் பொது சுகாதாரம்தான். நீங்கள் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரையை வீட்டு வாசலில் கொடுக்கிறீர்களே, அதுவும் அதில் சேர்ந்தது. உங்கள் மகள் பார்த்து ஆசைப்பட்டது இந்த வேலையை.

மருத்துவமனை நிர்வாகம் கட்டிடத்துக்குள் நடப்பது. காலை ரவுண்ட்ஸில் டாக்டர் “வீட்டுக்குப் போகலாம்” என்று சொன்ன நோயாளி, சாயங்காலம் நான்கு மணி வரை கட்டிலிலேயே உட்கார்ந்திருப்பார். ஏன்? டிஸ்சார்ஜ் சம்மரி தட்டச்சாகவில்லை, மீதி மருந்து பார்மசிக்குத் திரும்பிக் கணக்கில் ஏறவில்லை, முதலமைச்சர் காப்பீட்டில் ஒப்புதல் வரவில்லை. இதில் எது தாமதம் என்று கண்டுபிடித்துச் சரி செய்தால், அந்தக் கட்டிலுக்குக் காத்திருக்கிற இன்னொருவர் அன்றைக்கே உள்ளே வருவார். நிர்வாகியின் ஒரு நாள் இப்படித்தான் போகும். பணியாளர் முறைப் பட்டியல், கொள்முதல், நோயாளி ஆவணங்கள், தரச் சான்றுக்கான கோப்புகள், மஞ்சள் பையில் போட வேண்டிய கழிவு சிவப்புப் பையில் போகாமல் பார்ப்பது, உறவினர்களின் புகார்கள் எல்லாம் அதில் அடக்கம்.

இந்த இரண்டில் எது என்று பிள்ளையிடமே கேளுங்கள். “நிர்வாகம்” என்று அவள் சொல்வது ஒருவேளை மேசையில் உட்கார்ந்து செய்யும் வேலை என்ற அளவில் மட்டும் இருக்கலாம். அப்படியானால் மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் ஒரு கசப்பான விஷயம். தமிழ்நாட்டில் பொது சுகாதாரத்துக்கென்றே தனி இயக்ககம் இருக்கிறது. 1939-லேயே சென்னை மாகாணத்தில் பொது சுகாதாரச் சட்டம் வந்துவிட்டது. இந்தியாவில் மற்ற மாநிலங்கள் பார்த்துப் பொறாமைப்படுகிற அமைப்பு இது. ஆனால் அந்த அமைப்பின் மேல் படிகள், வட்டார மருத்துவ அலுவலர், மாவட்ட சுகாதார அலுவலர் போன்றவை, எம்பிபிஎஸ் முடித்த டாக்டர்களுக்கானவை. வேறு எந்தப் பட்டம் வாங்கினாலும் அந்த நாற்காலிக்குப் போக முடியாது. பொது சுகாதாரத்தில் இளநிலைப் பட்டம் முடித்தால் மாவட்ட அதிகாரி ஆகலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டாக்டர் அல்லாதவர்களுக்கு வேறு படிகள் இருக்கின்றன: செவிலியர் வரிசை, புள்ளியியல், உணவுப் பாதுகாப்பு, ஊட்டச்சத்து, ஆலோசகர் பணி, திட்ட மேலாண்மை. நல்ல படிகள்தான், ஒவ்வொன்றுக்கும் ஏறும் இடம் வேறு.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பொது சுகாதாரமும் மருத்துவமனை நிர்வாகமும் முதுகலையில் படிக்க வேண்டியவை. இளநிலையில், தனியாக நின்றாலே சோறு போடுகிற ஒரு படிப்பைப் படிக்க வேண்டும். அதற்கு மேல் அந்த முதுகலையை வைத்தால் இரண்டுக்கும் மதிப்பு கூடும். பட்டத்தின் பெயரிலேயே “பொது சுகாதாரம்”, “மருத்துவமனை நிர்வாகம்” என்று இருக்கிறதே என்று பதினேழு வயதுப் பிள்ளையைச் சேர்த்துவிட்டால், மூன்று வருஷம் கழித்து அந்தப் பெயரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமும் டிஎன்பிஎஸ்சியும் கடந்த சில வருஷங்களில் வெளியிட்ட அறிவிக்கைகள் இணையத்தில் கிடைக்கும். அதில் “கல்வித் தகுதி” என்ற பகுதியை மட்டும் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். செவிலியர் பட்டம், நுண்ணுயிரியல் பட்டம், புள்ளியியல் பட்டம், மனையியல் பட்டம் என்று கண்ணில் படும். இளநிலை மருத்துவமனை நிர்வாகம் என்று கேட்டு வருவது அபூர்வம். கல்லூரியின் விளம்பரத்தை வாசிப்பதற்கு முன்னால் வேலையின் அறிவிக்கையை வாசிக்க வேண்டும். எங்களிடம் வருகிற பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் இதைத் தலைகீழாகத்தான் செய்துவிட்டு வருகிறார்கள்.

சரி, ஒவ்வொன்றாக வருவோம்.

பிஎஸ்சி நர்சிங். ஊசி வேண்டாம் என்கிற பிள்ளையிடம் இதை முதலாவதாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான்கு வருஷப் படிப்பு. அதில் சமுதாய நலச் செவிலியம் ஒரு முக்கியப் பாடம். கிராமத்துக்குப் போய்க் குடும்பங்களை எடுத்துக்கொண்டு வேலை செய்தே ஆக வேண்டும். முடித்த பிறகு வார்டிலேயே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. துணை சுகாதார நிலையங்களில் இடைநிலை சுகாதாரப் பணியாளர் என்று நியமிக்கிறார்களே, அது நர்சிங் படித்தவர்களுக்கானது. பெரிய மருத்துவமனைகளில் தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர் என்று தனியாக ஒருவர் இருப்பார். அவர் வேலை ஊசி போடுவது இல்லை. எந்த வார்டில் அறுவைக் காயம் சீழ் பிடிக்கிறது, கை கழுவும் பழக்கம் எங்கே தளர்ந்திருக்கிறது என்று கணக்கெடுத்துச் சரி செய்வது. தரச் சான்றுப் பிரிவிலும் எனக்குத் தெரிந்து நன்றாக வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் செவிலியர்களாக இருந்து வந்தவர்கள்தான். நோயாளியின் பக்கத்தில் நின்றவருக்கு எங்கே தப்பு நடக்கும் என்று தெரியும், அந்த அறிவைப் புத்தகத்தில் மட்டும் படித்தவர் எட்டிப் பிடிக்கக் காலம் எடுக்கும். நான் ஆள் எடுக்கும்போது, நிர்வாகப் படிப்பு மட்டும் படித்தவரையும், நர்சிங் முடித்து அதற்கு மேல் நிர்வாகம் படித்தவரையும் வைத்துப் பார்த்தால், இரண்டாமவரைத்தான் முதலில் கூப்பிடுவேன்.

பிஎஸ்சி நர்சிங்குக்கு தமிழ்நாட்டில் நீட் இல்லாமல், பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மதிப்பெண்ணை வைத்து மருத்துவக் கல்வித் தேர்வுக் குழுதான் கலந்தாய்வு நடத்தி இடம் கொடுத்து வருகிறது. மதுரை மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்து அரசு செவிலியர் கல்லூரி இருக்கிறது, தேனியிலும் இருக்கிறது. உங்களுக்கு இரண்டுமே தூரமில்லை. அரசுக் கல்லூரியில் கட் ஆஃப் கூடுதலாகத்தான் இருக்கும். உங்கள் மகளுக்கு அந்த மூன்று பாடத்தில் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் கிடைக்குமா என்று என்னால் சொல்ல முடியாது. கிடைக்காவிட்டாலும் தனியார் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் அதே கலந்தாய்வில் வரும், கட்டணம் நிர்வாக ஒதுக்கீட்டைவிடக் குறைவு. நேராகக் கல்லூரியில் போய்ச் சேருவதற்கு முன் அதைப் பாருங்கள். எந்தக் கல்லூரியானாலும் இந்திய நர்சிங் கவுன்சிலும், தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலும் அங்கீகரித்திருக்க வேண்டும். பதிவு இல்லாவிட்டால் பட்டம் இருந்தும் வேலை செய்ய முடியாது.

உங்கள் ஊர்க் கிராம சுகாதார செவிலியரோடு தினமும் பேசுவீர்கள். அவர் பகுதி சுகாதார செவிலியர், சமுதாய சுகாதார செவிலியர் என்று எப்படி மேலே போகிறார், ஓய்வு பெறும்போது எங்கே இருப்பார் என்று பிள்ளையை ஒருநாள் அவரிடம் உட்கார வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். நான் எழுதுவதைவிட அது புரியும்.

இவ்வளவு சொல்லியும் அவளுக்கு மனம் வராவிட்டால் கட்டாயப்படுத்தாதீர்கள். ரத்தம் பார்த்தால் மயங்குகிற பிள்ளையை வீட்டார் சொன்னார்கள் என்று நர்சிங்கில் சேர்த்து, இரண்டாம் வருஷம் அழுதுகொண்டு திரும்பி வந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்போது நான் சொன்ன மூன்றாவது வழி. புள்ளியியல்.

யாரும் உங்களிடம் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்கள் வீட்டில் எடுக்கிற சர்க்கரை அளவு எங்கே போகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? கர்ப்பிணியைப் பதிவு செய்து பிக்மி என்ற பதிவு எண் போட்ட நாளிலிருந்து, குழந்தைக்குத் தடுப்பூசி முடியும் வரை ஒவ்வொரு தகவலும் மேலே போய்க்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்தும் காய்ச்சல் எத்தனை, வயிற்றுப்போக்கு எத்தனை என்று போய்க்கொண்டிருக்கிறது. தகவல் மலைபோலக் குவிகிறது, அதைப் படித்து அர்த்தம் சொல்ல ஆட்கள் குறைவு. ஒரு வட்டாரத்தில் காய்ச்சல் எண்ணிக்கை ஏறினால், அது உண்மையிலேயே நோய் பரவுவதா அல்லது போன வாரம் ஒரு மருத்துவ முகாம் நடந்ததால் கூடுதலாகப் பதிவானதா என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் வேண்டும். நம் மாநில சுகாதாரத் துறையில் வட்டார சுகாதாரப் புள்ளியியலாளர் என்றே ஒரு பதவி இருக்கிறது. டிஎன்பிஎஸ்சி புள்ளியியல் சார்நிலைப் பணிகளுக்கான தேர்வில் அந்தப் பணியிடத்துக்கு ஆள் எடுத்திருக்கிறது. அதே படிப்பை வைத்து மற்றத் துறைகளின் புள்ளியியல் பணிகளுக்கும் எழுதலாம். ஒரு வாசல் மூடினால் படிப்பு வீணாகாது என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

முதுகலைக்கு மும்பையில் சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் இருக்கிறது. 1956-ல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். நாடு முழுக்கக் குழந்தைகளின் எடை, ரத்தசோகை, தடுப்பூசி பற்றியெல்லாம் வருகிற தேசியக் குடும்ப நல ஆய்வை ஒருங்கிணைப்பது அவர்கள்தான். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் நோய்ப்பரவலியலும் பொது சுகாதாரமும் சேர்ந்த முதுகலை இருக்கிறது. புள்ளியியலோ கணிதமோ படித்த ஒரு பெண், உயிரியலும் தெரிந்து இந்தப் பக்கம் வந்தால், அவளுக்கு வேலை தேடும் சிரமம் குறைவாகவே இருக்கும். முதல் குரூப் எடுத்தது பெரிய வசதி என்று தொடக்கத்தில் சொன்னது இதற்காகத்தான். கணக்கு இல்லாத குரூப் எடுத்த பிள்ளைக்கு இந்த வழியைச் சொல்லவே முடியாது. புள்ளியியல் இடம் பக்கத்தில் கிடைக்கவில்லை என்றால் கணிதத்தில் சேரலாம். அதோடு எக்செல் நன்றாகப் பழகி, ‘ஆர்’ என்ற இலவச மென்பொருளையும் கற்றுக்கொள்ளட்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மனையியல் அல்லது ஊட்டச்சத்துப் படிப்பு, மதுரையில் பாத்திமா கல்லூரி போன்ற இடங்களில் இருப்பது, மருத்துவமனை டயட்டீஷியனோடு நின்றுவிடுவதில்லை. அங்கன்வாடிகளுக்கு மேலே இருக்கிற குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் பதவிக்கு டிஎன்பிஎஸ்சி கேட்கும் பட்டங்களில் அதுவும் ஒன்று. ரத்தசோகையையும் குழந்தைகளின் எடையையும் நேரில் பார்த்து வளர்ந்த பிள்ளை என்றால் எனக்கு இதுவும் பொருத்தமாகத் தெரிகிறது. நுண்ணுயிரியல், உயிர்வேதியியல் படித்தவர்கள் உணவுப் பாதுகாப்பு அலுவலர் தேர்வு எழுதலாம். அந்தத் தகுதி மத்திய அரசின் விதியிலேயே எழுதியிருக்கிறது, ஆனால் அந்த அறிவிக்கை அடிக்கடி வருவதில்லை. கொசு, பூச்சி ஆராய்ச்சியில் ஆர்வம் இருந்தால் விலங்கியல். மூளைக்காய்ச்சல், யானைக்கால் நோய் பரப்பும் கொசுக்களைப் பற்றி மதுரையிலேயே ஐசிஎம்ஆர் எனப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மையம் பல வருஷங்களாக வேலை செய்துவருகிறது, புதுச்சேரியில் அதன் தாய் நிறுவனத்தில் பொது சுகாதாரப் பூச்சியியல் என்று முதுகலையே இருக்கிறது. சமூகப் பணி படித்தால் எச்ஐவி பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் ஆலோசகர், மருத்துவ சமூகப் பணியாளர் வேலைகள். அழகர்கோவில் சாலையில் இருக்கிற மதுரை சமூக அறிவியல் கல்லூரி இதற்குப் பழைய, நல்ல பெயருள்ள இடம். அந்த வேலைகளில் பல ஒப்பந்த அடிப்படையில் வருபவை என்பதையும் சொல்ல வேண்டும்.

ஒப்பந்தம் பற்றி ஒரு வார்த்தை. மாவட்ட நலவாழ்வுச் சங்கம் வழியாக வரும் பணியிடங்களில் “பணி நிரந்தரம் செய்யப்படாது” என்று அறிவிக்கையிலேயே எழுதியிருப்பார்கள். அனுபவம் சேர்க்க நல்ல இடம். அதை நம்பி வீட்டுக்கடன் வாங்கக்கூடாது.

பக்கத்து வீட்டுப் பையன்கள் யாராவது கேட்டால் அவர்களுக்கு ஒரு தகவல். சுகாதார ஆய்வாளர் வேலைக்கு மூன்று வருஷப் பட்டம் தேவைப்படாது. பிளஸ் டூவில் உயிரியல் படித்துவிட்டு, பொது சுகாதார இயக்ககம் ஏற்கிற இரண்டு வருஷ சுகாதார ஆய்வாளர் பயிற்சி முடித்திருக்க வேண்டும். அதற்குப் பெயர்போன இடம் திண்டுக்கல் பக்கத்துக் காந்திகிராமம். டாக்டர் சௌந்தரம் அம்மா 1947-ல் தொடங்கிய காந்திகிராமத்தில்தான், ஆத்தூர் வட்டாரத்தை எடுத்துக்கொண்டு, கிராமத்துக்குச் சுகாதார சேவையை எப்படிக் கொண்டுபோவது என்று 1959-லேயே பரிசோதித்துப் பார்த்தார்கள்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வந்த ஆள் சொன்ன படிப்புக்கு வருகிறேன். மருத்துவமனை நிர்வாகத்தில் இளநிலைப் பட்டம் மோசடி என்று நான் சொல்லவில்லை. நல்ல மருத்துவமனையோடு சேர்ந்து, பிள்ளைகளை ஒவ்வொரு துறையிலும் மாதக்கணக்கில் நிறுத்திப் பயிற்சி கொடுக்கிற கல்லூரியில் படித்தவர்கள் நன்றாகவே வருகிறார்கள். பெருவாரியானவர்களுக்கு முதலில் கிடைப்பது வரவேற்பு மேசை, பில்லிங், காப்பீட்டு கவுண்டர். சம்பளம் குறைவு. அங்கிருந்து மேலே ஏற மறுபடியும் ஒரு முதுகலை கேட்பார்கள். இப்படி ஒரு பட்டத்தோடு நேர்முகத்துக்கு வந்த ஒரு பெண்ணிடம், ஒரு நோயாளியின் கோப்பில் என்னென்ன தாள் இருக்கும் என்று கேட்டோம். மூன்று வருஷத்தில் ஒரு கோப்பைக்கூடத் திறந்து பார்க்க விடவில்லை என்று சொன்னது அந்தப் பிள்ளை. கண்ணில் தண்ணீர். தப்பு அதனுடையது இல்லை.

அந்த ஆள் மறுபடி வந்தால் சில கேள்விகள் கேளுங்கள். பட்டம் கொடுப்பது எந்தப் பல்கலைக்கழகம், அது யுஜிசி எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழுவின் பட்டியலில் இருக்கிறதா? வெளிமாநிலப் பல்கலைக்கழகத்தின் ‘ஸ்டடி சென்டர்’ என்றால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். பயிற்சி எந்த மருத்துவமனையில், எத்தனை மாதம், எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறதா? போன வருஷம் முடித்தவர்களில் யாராவது இரண்டு பேருடன் நீங்கள் பேச முடியுமா, அவர்கள் இப்போது எங்கே என்ன வேலையில் இருக்கிறார்கள்? “வேலை நிச்சயம்” என்பதைக் கல்லூரியின் தாளில் முத்திரையோடு எழுதித் தருவார்களா? “மெடிக்கல் கோடிங்” கம்பெனியில் வேலை என்று சொன்னால், அது அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு நோயையும் சிகிச்சையையும் எண்ணாக மாற்றிக் கொடுக்கும் கணினி வேலை. கௌரவமான வேலைதான், ஆனால் அதற்கு எந்த உயிர் அறிவியல் பட்டமும் போதும். அதற்காக நிர்வாகப் படிப்புக்குக் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டியதில்லை.

நிர்வாகம் என்பது டாக்டர்களுக்குக் கீழே இருக்கிற சின்ன வேலை என்று பிள்ளை நினைத்துவிடவும் வேண்டாம். நம் மதுரையிலேயே கண்முன்னால் சாட்சி இருக்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் கட்டுகிறவர்களின் வருமானத்தில் பணமில்லாதவர்களுக்கும் அறுவை சிகிச்சை செய்து, உலகமே வந்து பார்க்கிற அளவுக்கு அது வளர்ந்ததற்கு, மருத்துவத் திறமைக்குச் சமமாக நிர்வாகத் திறமையும் காரணம். ஒரு டாக்டர் ஓர் அறுவையை முடிக்கும்போது அடுத்த நோயாளி பக்கத்து மேசையில் தயாராக இருப்பார். அந்த ஒழுங்கை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் துளசிராஜ். அவர் டாக்டர் இல்லை, ஐஐஎம் கல்கத்தாவில் எம்பிஏ படித்தவர். 1992-ல் தொடங்கிய அவர்களுடைய லைகோ நிறுவனத்தில், கண் மருத்துவமனை நடத்துவது எப்படி என்று பல நாட்டுக்காரர்கள் வந்து படிக்கிறார்கள். அந்த அறுவை அரங்குகளில் பெருமளவு வேலை செய்வது நம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்த பெண் பிள்ளைகள். இந்த வேலையைச் செய்ய உங்கள் மகளுக்கு இல்லாத எதுவும் மற்றவர்களிடம் இல்லை.

மருத்துவமனை நிர்வாகத்தில்தான் அவள் போவாள் என்றால், எந்தப் பட்டம் முடித்தவரும் நுழைவுத் தேர்வு எழுதலாம் என்கிற முதுகலைகள் இருக்கின்றன. மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் மருத்துவமனை நிர்வாக முதுகலை அதில் முன்னணியில் இருப்பது. பிகாம் படித்துவிட்டுக்கூட அங்கே போகலாம். பொது சுகாதார முதுகலைக்கு புதுச்சேரி ஜிப்மர், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனம் இரண்டும் நமக்குப் பக்கம். ஒன்றை மட்டும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: சில இடங்கள் டாக்டர்களை மட்டும் சேர்க்கும், சில இடங்கள் மூன்று வருஷப் பட்டம் மட்டும் போதாது, நான்கு வருஷப் பட்டமோ ஒரு முதுகலையோ வேண்டும் என்று கேட்கும். நர்சிங் நான்கு வருஷம் என்பது அங்கேயும் கைகொடுக்கும்.

ஆக, நான் உங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தால் இப்படிச் சொல்வேன்: பிள்ளைக்குக் கொஞ்சமாவது மனம் இருந்தால் அரசு ஒதுக்கீட்டில் பிஎஸ்சி நர்சிங். மனம் இல்லையென்றால் புள்ளியியல் அல்லது கணிதம், அரசுக் கல்லூரியிலோ அரசு உதவி பெறும் கல்லூரியிலோ. அடுத்ததாக ஊட்டச்சத்து. இந்த மூன்றும் உங்கள் கைக்கு எட்டுகிற செலவில் முடியும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படித்த பெண் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், கல்லூரி வழியாகவே விண்ணப்பிக்கலாம்.

செய்ய வேண்டியது இது. அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பமும், மருத்துவக் கல்வித் தேர்வுக் குழுவின் விண்ணப்பமும் வேறு வேறு, இரண்டையும் போடுங்கள். கலைக் கல்லூரிச் சேர்க்கை பொதுவாக முன்னால் நடக்கும், நர்சிங் கலந்தாய்வு பின்னால் வரும். அதனால் கலைக் கல்லூரியில் இடம் கிடைத்தால் சேர்ந்துவிடுங்கள். நர்சிங் கிடைத்தால் மாற்றுச் சான்றிதழைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகலாம். அசல் சான்றிதழ்களை எந்தத் தனியார் கல்லூரியிலும் ‘பாதுகாப்புக்காக’ என்று கொடுத்துவிட்டு வராதீர்கள். விதிகள் வருஷத்துக்கு வருஷம் மாறும், இந்த வருஷ விளக்கக் குறிப்பேட்டை ஒரு வரி விடாமல் பிள்ளையே படிக்கட்டும். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், உங்கள் வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ், இந்த மூன்றுக்கும் நாளைக்கே உசிலம்பட்டி இ-சேவை மையத்தில் பதிந்துவிடுங்கள். கலந்தாய்வு நெருங்குகிற வாரத்தில் தாலுகா அலுவலகத்தில் கூட்டம் நெருக்கியடிக்கும்.